கருக்குவிளைச் சேகரத்தின் முதல் வருஷம்

1936, ஜனவரி 6, திங்கள்

இன்று ஒலிவபுரத்தை விட்டுப் புறப்பட்டோம். ஆறு வருஷம் ஊழியம் செய்த இடம். நாங்கள் வந்து இறங்கியபோது வரவேற்க இருபது பேர்கூட இல்லை. இன்று வழியனுப்ப ஊரே திரண்டுவிட்டது. மேளம், வாழைக்குலை, வாணவெடி. வண்டிகளை ஒரு வாரம் முன்பே அவர்களே பேசி வைத்திருந்தார்கள். மூட்டை கட்டவும் ஆள் அனுப்பினார்கள். வண்டி ஓடையைத் தாண்டும்வரை வெடி ஓயவில்லை. நான் கடைசிவரை கையசைத்துக்கொண்டே வந்தேன்.

“ஈஸ்டருக்குக்கூட இவ்வளவு வெடி போடலியே,” என்றாள் சொர்ணபாய். என் மனைவிக்குச் சில விஷயங்களில் நுட்பமான உணர்ச்சி குறைவு.

மேசியாபுரம் சேகரத்திலிருந்து இரண்டு ஊர்ச் சபைகளையும் சாலேம்விளைச் சேகரத்திலிருந்து ஓர் ஊர்ச் சபையையும் பிரித்து, மூன்றையும் ஓர் ஐயரின் கீழ் வைத்து, கருக்குவிளைச் சேகரம் என்று பெயர் கொடுத்திருக்கிறார் எங்கள் பிஷப்பான அத்தியட்சர். இதன் முதல் ஐயராக, எத்தனையோ குருமார் இருக்க, என்னை நியமித்திருக்கிறார். ஏன் என்று உத்தரவில் எழுதவில்லை. எழுதாமலே விளங்குகிறது.

கடைசிப் பாராவில் ஒரு நிபந்தனை உண்டு. இது ஒரு வருஷச் சோதனை. அதற்குள் மூன்று ஊராரும் ஒரே கூரையின்கீழ், அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஒரே நற்கருணைப் பந்தியில் சேர வேண்டும். தவறினால் சேகரம் கலைக்கப்படும். சின்ன விஷயம்தான்.

ஜனவரி 7

ஐயர் பங்களா என்று ஒரு கட்டடத்தைக் காட்டினார்கள். கருப்பட்டிக் கிட்டங்கி. மூன்று வருஷமாக இங்கே கருப்பட்டி வைப்பதில்லையாம். எறும்புகளுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. கட்டில் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தித் தூங்கினோம்.

ஜனவரி 10

அண்டைச் சேகரத்து ஐயர்மாரைக் கண்டு வந்தேன். கிழக்கே மேசியாபுரத்தில் கனம் தேவபிரியம் ஐயர். வெள்ளை அங்கி, வாசனைக் கைக்குட்டை, வீட்டில் ஆர்மோனியம். மேற்கே சாலேம்விளையில் கனம் சற்குணம் ஐயர். பருத்த சரீரம், பெரிய சிரிப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது தட்டில் முறுக்கு இருந்தது, புறப்படும்போது இல்லை. நான் ஒன்றுதான் எடுத்தேன்.

“கண்ணின் மணியைப் பிடுங்கிக் கொடுத்ததுபோல இருக்கிறது,” என்றார் தேவபிரியம் ஐயர். சற்குணம் ஐயரும் ஏறக்குறைய அதையே சொன்னார். தங்கள் சபைகளை இழந்த துக்கத்திலும் இருவரும் என்னிடம் காட்டிய உற்சாகம் குறிப்பிடத்தக்கது.

ஜனவரி 18, சனி

அவர்கள் பிடுங்கிக் கொடுத்த மூன்று கண்மணிகளையும் பார்த்து முடித்தேன்.

கருக்குவிளை: நாற்பத்தொரு வீடு, கோர்ட்டில் பதினொரு வழக்கு. எல்லாரும் பனையேறிப் பிழைக்கிறவர்கள். தலைவர் யாக்கோபு. ஊரில் மூன்று யாக்கோபு உண்டு. இவரை வழக்கு யாக்கோபு என்றால்தான் தெரியும். பதினொன்றில் ஏழு இவருடையது. என்னைக் கண்டதும் கைகூப்பி, “ஐயரவாள் நியமன உத்தரவ ஒருதரம் பாக்கலாமா?” என்று கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்த பிறகே உட்காரச் சொன்னார்.

தேரிக்குடியிருப்பு: செம்மணல் தேரியின் ஓரத்தில் இருபத்திரண்டு வீடு. எட்டு வருஷம் முன்பு, கிறிஸ்துமஸ் பவனியில் யார் கொம்பு ஊதுவது என்ற தகராறில் ஊரோடு உரோமைச் சபைக்குப் போய், இரண்டு வருஷத்தில் அங்கேயும் கொம்பு கிடைக்காமல் திரும்பியவர்கள். இப்போதும் திடுக்கிட்டால் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். பாட்டு நடத்தும் சீமோன் அண்ணாவிதான் தலைவர். கொம்பு அவர் வீட்டில் இருக்கிறது.

சம்பாக்குளம்: குளத்துக்குக் கீழே வயல்வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. முப்பது குடிசை, ஓலை வேய்ந்த ஜெபவீடு. பேச வந்தவள் ஒரு பெண். தபீத்தாள் என்று பெயர், மருத்துவச்சி. மூன்று ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இவள் கையில் பிறக்காத பிள்ளை இல்லையாம். “புது ஐயரா? எங்களுக்கு நீங்க ஒம்பதாவது ஐயா,” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதில் என்ன வேடிக்கை என்று விளங்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

லண்டனில் ராஜா காலமாகிவிட்டார். ஜெபப்புத்தகத்தில் புது ராஜாவின் பெயரை ஒட்டி வாசித்தேன். அதிகாரபூர்வமாகத் தபால் வந்ததா என்று யாக்கோபு கேட்டார்.

பிப்ரவரி 16

இந்த மாதமும் நற்கருணையை மூன்று ஊரிலும் தனித்தனியாக நடத்தினேன். சம்பாக்குளத்திலிருந்து கருக்குவிளைக் கோவிலுக்கு ஒன்றரை மைல். தூரத்தை முன்னிட்டே இந்த ஏற்பாடு. வயதானவர்களை அலைக்கழிக்கக் கூடாது.

“தபீத்தாள் நேத்து பிள்ளைப்பேறு பாக்க ஆறு மைல் நடந்துபோய்ட்டு வந்தா,” என்றாள் சொர்ணபாய்.

தபீத்தாள் ஒருத்தியை வைத்துச் சபை ஒழுங்கைத் தீர்மானிக்க முடியாது என்று விளக்கினேன். உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. எங்கள் பந்திக்கு வேண்டிய திராட்சரசத்தை அவள்தான் காய்ச்சி வடிக்கிறாள். மார்க்கெட்டில் வாங்கும் திராட்சையில் பாதி காம்பு.

மார்ச் 8

யாக்கோபிடம் நிபந்தனையைப் பற்றிப் பேசினேன். நிபந்தனையின் நகலை மடியிலேயே வைத்திருந்தார்.

“ஒரே கூரைன்னு போட்டிருக்கு. சரி. ஒரே பந்தின்னு போட்டிருக்கு. அதுக்கும் சரி. பந்தியில யாரு முந்தி, யாரு பிந்தின்னு போடலியே. நாங்க முந்திக்கிடுதோம். பாத்திரம் எங்ககிட்ட முடிஞ்சப்பொறவு சம்பாக்குளத்துக்குப் போட்டும். அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.”

“அவர்களுக்கு இருக்குமே.”

“அப்பீல் பண்ணட்டும்.”

மார்ச் 29

ஒரு யுக்தி தோன்றியது. ஜெபத்தோடு சிந்தித்தால் எதற்கும் வழி பிறக்கிறது. ஒரே கூரை, ஒரே பந்தி, ஒரே ரசம். ஆனால் இரண்டு பாத்திரம். ஜனங்கள் முழங்காலிடும் கிராதியின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கூட்டம் அதிகம், நேரம் மிச்சமாகும் என்று சொல்லிக்கொள்ளலாம். நம்மிடம் வெள்ளிப் பாத்திரம் ஒன்றுதான் இருக்கிறது. சற்குணம் ஐயருக்கு எழுதினேன். சாயங்காலத்துக்குள் ஒரு பித்தளைப் பாத்திரம் அனுப்பிவிட்டார். அவரிடம் இதற்கென்றே வெகுகாலமாக ஒன்று இருக்கிறதாம்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

விடியுமுன்பே கருக்குவிளை ஆண்கள் வந்து கோவிலின் வலப்பக்கத்தை நிரப்பிவிட்டார்கள். பக்தி வைராக்கியம். தேரிக்குடியிருப்பார் அவர்களுக்குப் பின்னால். சம்பாக்குளத்தார் வெள்ளுடுத்திப் பாடிக்கொண்டே ஒன்றரை மைல் நடந்து வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். உட்காரச் சொன்னவர் எனக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். அவருக்குச் சொன்னது நான்.

வலப்பக்கம் வெள்ளிப் பாத்திரம் கொடுத்து முடித்து, இடப்பக்கம் பித்தளைப் பாத்திரத்தோடு வந்தேன். முதலில் முழங்காலிட்டிருந்தவள் தபீத்தாள். அப்பத்தை வாங்கி உண்டாள். பாத்திரத்தை நீட்டியதும் அதற்குள் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கம் இருந்த வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்தாள், இரு கையையும் கூப்பிக்கொண்டாள். உதடு திறக்கவில்லை. அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். முப்பத்துநான்கு பேர்.

முப்பத்தைந்தாவதாக என் மனைவி. அவள் எப்போது இடப்பக்கம் போனாள் என்று நான் கவனிக்கவில்லை. அவளும் கையைக் கூப்பினாள்.

மற்றபடி பண்டிகை சிறப்பாக நடந்தது. சீமோன் அண்ணாவி கொம்பு ஊதினார்.

ஏப்ரல் 13

குழம்பில் உப்பு இல்லை.

ஏப்ரல் 14

இன்றும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

உப்பு வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. சம்பாக்குளத்திலிருந்து ஒருவரும் கோவிலுக்கு வரவில்லை.

மே 24

சம்பாக்குளத்தார் தங்கள் பழைய சேகரத்துக்கே திரும்ப அனுமதி கேட்டுச் சற்குணம் ஐயரிடம் போனார்களாம். தம் அதிகார எல்லை குளத்தங்கரையோடு முடிந்துவிட்டது என்று அவர் மிகுந்த துக்கத்தோடு சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். இப்போது ஓலை ஜெபவீட்டில் அவர்களாகவே வேதம் வாசித்துப் பாடிவிட்டுக் கலைகிறார்கள். வாசிப்பவன் தபீத்தாளின் தம்பி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பானாம். ஆகையால் ஒரு சங்கீதத்துக்கு ஒரு மணி நேரம்.

நான் போகவில்லை. சம்பாக்குளத்துப் பாதையில் நெருஞ்சி அதிகம்.

ஜூலை 21

ஆடிக்காற்று. வாயைத் திறந்தால் செம்மண். சோற்றிலும் மண், ஜெபப்புத்தகத்திலும் மண்.

சேகரத்தின் கிழக்கெல்லை “பெரிய தேரி மேட்டின் உச்சி” என்று உத்தரவில் இருக்கிறது. எழுதியவர் தேரியைச் சித்திரை மாதத்தில் பார்த்திருப்பார் போலும். ஆடியில் அது நடக்கும். பத்து நாள் சுழன்றடித்த காற்றில் மேடு ஐம்பது அடி மேற்கே வந்துவிட்டது. தேரிக்குடியிருப்பில் ஏழு வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏழில் ஒன்று சீமோன் அண்ணாவியுடையது.

“ஐயா, ராத்திரி படுக்கும்போது நான் உங்க சேகரம். காலையில எந்திச்சா மேசியாபுரம். நான் எந்தக் கோவிலுக்கு வாரது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேவபிரியம் ஐயருக்கு ஆள் அனுப்பினேன்.

ஜூலை 22

பதில் வந்துவிட்டது. அவர் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதி நான் கண்டதில்லை. “காற்று கொண்டுவந்ததைக் காற்றே கொண்டுபோகட்டும். அந்த ஏழு வீடும் உங்களுடையவையே. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார்.”

பெருந்தன்மை. தம் மந்தையில் வந்து சேர்ந்த ஏழு ஆட்டை இவ்வளவு வேகமாக வேலிக்கு வெளியே தள்ளும் மேய்ப்பரை நான் பார்த்ததில்லை. இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

ஆர்ச்டீக்கன் துரையிடமிருந்து கடிதம். அத்தியட்சருக்கு அடுத்த பதவி அவருடையது. நவம்பர் 14 அன்று இங்கே விசாரணை. அண்டை ஐயர்மார் இருவரும் உடன் வருவார்கள். மறுநாள் ஞாயிறு காலை மூன்று ஊராரும் ஒரே பந்தியில் சேருவதை அவரே நேரில் காண்பார். இல்லையென்றால் சேகரம் கலைக்கப்பட்டு ஊர்கள் பழைய இடங்களுக்குத் திரும்பும். “நீர் எங்கே அனுப்பப்படுவீர் என்பது பிறகு யோசிக்கப்படும்,” என்று எனக்கென ஒரு வரி தனியாக.

ஆகஸ்ட் 20

சம்பாக்குளம் போனேன். நெருஞ்சி நினைத்த அளவு இல்லை.

தபீத்தாள் குடிசைக்கு வெளியே துணிகளை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். யாக்கோபின் மருமகளுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறதாம். அங்கே போகத்தான் ஆயத்தம். எனக்கு ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டாள்.

நவம்பரில் எல்லாரும் வரவேண்டும், சேகரம் நிலைக்க வேண்டும், ஒற்றுமையே கிறிஸ்தவத்தின் அழகு என்று சொன்னேன். கால் மணி நேரம் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டு முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்தாள்.

“யாக்கோபு வீட்ல பின்வாசல் வழியாத்தான் கூப்பிடுவாவ ஐயா. போவேன். பிள்ளைய என் கையிலதான் முதல்ல வாங்கணும். வாங்கிக் குடுத்துட்டு அரிசிய வாங்கிட்டு வருவேன். அதப்பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. அது என் வேல.”

“பிறகு என்ன வருத்தம்?”

“எங்க தாத்தா காலத்துல வேதத்துக்கு வந்தோம். அதுக்கு முந்தி இருந்த எடத்துலயும் எங்களுக்குத் தனிப் பாத்திரம்தான். இங்கயும் ரெண்டுதான்னு அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா, இம்புட்டு தூரம் நடந்து வந்திருக்க மாட்டோம்லா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வெயில் அதிகமாக இருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 22

யாக்கோபுக்குப் பேரன். இரண்டு நாள் போராட்டமாம். குழந்தை கால் முந்தி வந்ததாம். தபீத்தாள் இல்லாவிட்டால் தாயும் பிள்ளையும் தப்பியிருக்க மாட்டார்கள் என்று சொர்ணபாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஈஸ்டருக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

செப்டம்பர் 2

பித்தளைப் பாத்திரத்தைச் சற்குணம் ஐயருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். அலமாரியில் இடம் அடைக்கிறது.

அக்டோபர் 18

ஒரே பாத்திரம்தான் என்று மூன்று ஊரிலும் அறிவித்தேன். கருக்குவிளையில் அறிவிப்பின்போது பலத்த இருமல். ஆராதனை முடிந்து யாக்கோபு வந்தார். “அப்ப நாங்க வரல. சேகரம் கலைஞ்சா மேசியாபுரத்துக்குப் போயிடுவோம். அது எங்க தாய்ச்சபை. அங்க எங்களுக்கு மரியாத உண்டு.”

மழை தொடங்கிவிட்டது. கிட்டங்கி ஒழுகுகிறது. எறும்புகள் மேலே ஏறிவிட்டன.

நவம்பர் 14, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

விசாரணை கோவிலுக்குள் பத்து மணிக்குத் தொடங்கியது. துரைக்கு எழுபது வயது இருக்கும். சுத்தமான புத்தகத் தமிழ். காது மந்தம். ஆகவே எல்லாவற்றையும் அவருடைய எழுத்தர் உரக்கப் படிக்கவேண்டியிருந்தது. இருபக்கமும் தேவபிரியம் ஐயரும் சற்குணம் ஐயரும். நான் ஓரத்தில் ஒரு முக்காலியில். மூன்று ஊரும் வந்திருந்தது, மூன்று கூட்டமாக.

எழுத்தர் கட்டை அவிழ்த்து, சேகரம் பிரித்தபோது வந்த பழைய கடிதங்களை எடுத்தார். தேவபிரியம் ஐயர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அவற்றை வாசித்ததாக வைத்துக்கொள்ளலாம், நேரமாகிறது,” என்றார். துரையும் தலையசைத்துவிட்டார்.

யாக்கோபு எழுந்தார். “ஆட்சேபணை. கட்டுல இருக்கிற தஸ்தாவேஜ் எல்லாத்தையும் கட்சிக்காரங்க முன்னால வாசிக்கணும். இல்லைன்னா விசாரணை செல்லாது.”

அவர் வாழ்நாளில் ஜெயித்த முதல் ஆட்சேபணை அதுதான் என்று நினைக்கிறேன். துரை, “அவர் சொல்வது முறை,” என்றார்.

முதல் கடிதம் சற்குணம் ஐயருடையது. “சம்பாக்குளத்தார் எண்ணிக்கைக்கு உதவுவார்கள், வேறொன்றுக்கும் அல்ல. இவர்களை எடுத்துக்கொண்டால் எனக்குப் பெரிய உபகாரம்.” சம்பாக்குளத்தார் அசையவில்லை. அவர்களுக்கு இது செய்தி அல்ல.

இரண்டாவது தேவபிரியம் ஐயருடையது. தேரிக்குடியிருப்பைப் பற்றி இரண்டு வரி: “இவர்கள் மறுபடி உரோமைக்குப் போனாலும் நஷ்டமில்லை. கொம்பையும் கொண்டுபோவார்கள்.” சீமோன் அண்ணாவி சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு கருக்குவிளை. எழுத்தர் உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “இவர்கள் பனையேறிகள். வழக்காளிகள். அசுத்தமானவர்கள். இவர்கள் வாய்வைத்த பாத்திரத்தில் பங்குபெற எங்கள் சபையின் மேன்மக்கள் கூசுகிறார்கள். ஆகையால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் என்று காரணம் சொல்லி, வெகுகாலமாய் இவர்களை இரண்டாம் ஆராதனைக்கு வரச்செய்திருக்கிறேன். இவர்களைப் பிரித்துவிட்டால் ஒரே ஆராதனையோடு முடித்துக்கொள்ளலாம்.”

யாக்கோபு இன்னும் நின்றுகொண்டேயிருந்தார். உட்கார மறந்துவிட்டார்.

“தூரம்னுதான் சொன்னாவ,” என்றார். யாரிடமும் இல்லை. “எங்கப்பா காலத்துலேர்ந்து தூரம்னுதான் சொன்னாவ.”

பிப்ரவரி மாதம் தூரத்தைப் பற்றி நான் எழுதியதை இப்போது புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

கடைசியாக ஒலிவபுரத்துச் சபையார் எழுதிய ஒரு கடிதம். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அதன் வாசகத்தை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மூன்று ஊரும் கேட்டுவிட்ட பிறகு மறைத்து ஆவது என்ன? “எங்கள் ஐயர் யாருக்கும் தீங்கு செய்யமாட்டார். யாருக்காகவும் ஒன்றும் செய்யவும் மாட்டார். இப்படிப்பட்டவருக்கு ஏற்ற இடம் எங்காவது புதிதாய் உண்டானால் மனமுவந்து அனுப்பித் தருவோம். வழிச்செலவும் எங்களுடையது.”

நான் என் பாதரட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் சொர்ணபாய் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

துரை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நீங்கள் உங்கள் பழைய சேகரங்களுக்குத் திரும்ப விரும்புகிறீர்களா?” என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

தபீத்தாள்தான் முதலில் எழுந்தாள். “வேண்டாம்னு எழுதிக் குடுத்தவங்க வீட்டுக்கு யாரு சாமி திரும்பிப் போவா?”

எழுத்தர் அதைத் துரையின் காதில் உரக்கச் சொன்னார். சீமோன் அண்ணாவி, “நாங்களும் அதேதான்,” என்றார்.

“கருக்குவிளை?”

யாக்கோபு தொண்டையைச் செருமினார். “திரும்பல.”

“உங்கள் ஐயரைப் பற்றி ஏதாவது ஆட்சேபணை உண்டா?”

யாக்கோபு என்னை வெகுநேரம் பார்த்தார். என் நியமன உத்தரவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் இப்படித்தான்.

“இவரும் எங்கள மாதிரி தள்ளிவிட்டவருதானே. இருந்துட்டுப் போட்டும்.”

இதைவிடச் சிறந்த நற்சாட்சிப் பத்திரம் இதுவரை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. நாளைக் காலை பார்ப்போம் என்று சொல்லித் துரை எழுந்துவிட்டார்.

நவம்பர் 15, ஞாயிறு

மழை விட்டிருந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல். யாரும் விடியுமுன் வந்து இடம்பிடிக்கவில்லை. யார் எங்கே உட்காருவது என்று உபதேசியாருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அவர் குழம்பி வாசலிலேயே நின்றார்.

வெள்ளிப் பாத்திரத்தில் ரசம் ஊற்றும்போது கை சற்று நடுங்கியதால் அதிகமாகச் சரிந்துவிட்டது. தேவையைப்போல் இரண்டு மடங்கு இருக்கலாம்.

முறைப்படி முதலில் குருமார். துரையும், பிறகு தேவபிரியம் ஐயரும் சற்குணம் ஐயரும் பருகினார்கள். பருகி முடித்து, ஜனங்களுக்கு முன்பாகத் தங்கள் பங்கு முடிந்த நிம்மதியில் ஆசனங்களில் போய் உட்கார்ந்தார்கள்.

பிறகு ஜனங்கள். முதல் வரிசை கலப்பாக வந்தது. அதில் தபீத்தாளும் இருந்தாள். பாத்திரத்தை நீட்டினேன். உள்ளே பார்த்தாள். இந்தமுறை வேறு எங்கும் பார்க்க இன்னொன்று இல்லை. பருகினாள். அவளுக்கு அடுத்திருந்தவர் தேரிக்குடியிருப்புக்காரர். கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனாலும் பருகினார்.

யாக்கோபின் மச்சான் குடும்பத்தோடு எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் ஐந்தாறு பேர் பின்னாலேயே போனார்கள். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஒரே நாளில் பரலோகராஜ்யம் வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

யாக்கோபு கடைசி வரிசையில், கடைசி ஆளாக முழங்காலிட்டார். அவர் முகத்தில் பக்தி இல்லை, கோபம்தான் இருந்தது. நான் பாத்திரத்தை நீட்டியதும் வாங்கி, என் தோளுக்கு மேலாக மேசியாபுரத்து ஐயர் உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்துக்கொண்டே பருகினார். இப்படிப் பருகினால் பலன் உண்டா என்பதை வேதசாஸ்திரிகள் தீர்மானிக்கட்டும். நான் கொடுத்தேன்.

எல்லாரும் பருகிய பிறகும் பாத்திரத்தில் நிறைய மீந்திருந்தது. ஆசீர்வதித்த ரசம் மீந்தால் கோவிலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஐயரும், அவர் தம்மிடம் அழைக்கும் பந்தியாரும் அங்கேயே பருகி முடிக்க வேண்டும் என்பது ஜெபப்புத்தகத்தின் சட்டம். நான் கொஞ்சம் பருகினேன். பிறகு சபைப் பக்கம் திரும்பி, “கனம் தேவபிரியம் ஐயரவர்களும் கனம் சற்குணம் ஐயரவர்களும் முன்வரும்படி அழைக்கிறேன்,” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

சற்குணம் ஐயர் தரையைப் பார்த்தார். தேவபிரியம் ஐயர் துரையைப் பார்த்தார். துரைக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரியும். இருவரும் எழுந்து வந்தார்கள்.

தேவபிரியம் ஐயர் கையில் பாத்திரத்தைக் கொடுத்தேன். நூற்றைம்பது வாய் பட்ட விளிம்பு. அவர் வாசனைக் கைக்குட்டையை எடுத்து விளிம்பைத் துடைக்கப் போனார்.

“துடைக்க வேண்டாம். பருகுங்கள்,” என்றார் துரை. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. கோவிலின் கடைசி மூலைவரை கேட்டது.

பருகினார். மீதியைச் சற்குணம் ஐயர் பருகினார். ஒரு சொட்டு விடாமல் முடிக்க வேண்டும் என்பதால் சற்று நேரம் பிடித்தது. சபையில் ஒருவர்கூட இருமவில்லை.

துரை சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். சேகரம் நிலைக்கும்.

நவம்பர் 22, ஞாயிறு

யாக்கோபு தேவபிரியம் ஐயர்மேல் மானநஷ்ட வழக்குப் போட வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கடிதத்தின் நகல் வேண்டுமாம். சாட்சிப் பட்டியலில் முதல் பெயர் தபீத்தாள். அவள் வீட்டுக்கே போய்க் கேட்டாராம். முன்வாசல் வழியாகத்தான் போயிருப்பார், அந்தக் குடிசைக்கு ஒரு வாசல்தான். இவர் வீட்டு முன்வாசல் வழியாக அவளை எப்போது கூப்பிடுவார் என்று கேட்டேன். அது வேறு விவகாரம் என்றார்.

இன்று நற்கருணைக்கு அறுபத்துமூன்று பேர். மச்சான் குடும்பம் வரவில்லை. கருக்குவிளையார் மூன்று பேர் மறுபடி முதல் வரிசைக்கு முந்தினார்கள். அவர்களைக் கண்டதும் நான் பந்தியை மறுகோடியிலிருந்து தொடங்கினேன்.

மத்தியானம் சொர்ணபாய் எனக்குப் பரிமாறிவிட்டு, எதிரே பாய் போட்டு உட்கார்ந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அப்படி உட்கார்ந்ததில்லை.

“இன்னைக்கு ரசம் மிஞ்சலியே,” என்றாள்.

“அளவாகத்தான் ஊற்றினேன்.”

“போன வாரம்?”

“போன வாரம் கை நடுங்கிவிட்டது.”

என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ கடையில் வாங்கப்போகும் சாமானைப் பார்ப்பதுபோல.

“நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்,” என்றாள். “ஒண்ணும் நடுங்கல.”